ஒரு நிமிட மூச்சு

எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு ஏற அறுபத்திரண்டு படிகள். அதைக் கட்டியவர் யாரென்று எனக்குத் தெரியாது. நோயாளிகளைப் பற்றி அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். கீழே தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள், மேலே டிஸ்பென்சரி, நடுவில் தேயிலைச் சரிவில் செங்குத்தாக இந்தப் படிகள். காலில் முள் குத்தியவர்கூட மேலே வந்து சேரும்போது மாரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். நான் நர்ஸாகச் சேர்ந்த முதல் வாரத்தில், இந்த எஸ்டேட்டில் எல்லோருக்கும் நெஞ்சு வியாதி என்றே நினைத்துவிட்டேன்.

கோத்தகிரியிலிருந்து ஜீப்பில் அரை மணி நேரம். செல்போன் வந்துவிட்ட காலம்தான், ஆனால் எங்கள் பள்ளத்துக்குள் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது. டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் டிஸ்பென்சரி கம்பவுண்டரின் ராஜ்ஜியம். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், முப்பது வருட அனுபவம், நல்ல மனிதர், யாரையும் அதட்டிப் பேசமாட்டார். ஆனால் அவருக்கு ஒரே ஒரு தெய்வம்தான், அது தெர்மாமீட்டர்.

அதற்கும் காரணம் உண்டு. சிக் லீவு சீட்டு வேண்டுமென்றால் காய்ச்சல் நூறைத் தாண்ட வேண்டும் என்பது எஸ்டேட் வழக்கம். அதனால் கொழுந்து பறிக்கிற பெண்கள் சிலர் கடைசிப் படியில் ஃபிளாஸ்கைத் திறந்து, கொதிக்கக் கொதிக்க டீயை வாயில் வைத்திருந்து விழுங்கிவிட்டு உள்ளே வருவார்கள். கம்பவுண்டரும் லேசுப்பட்டவர் இல்லை. எல்லோரையும் பெஞ்சில் கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டுத்தான் தெர்மாமீட்டரை வாயில் வைப்பார். இப்படி முப்பது வருடமாக அவர்கள் அவரை ஏமாற்ற, அவர் அவர்களைப் பிடிக்க, நாளடைவில் நோய் என்றாலே காய்ச்சல், காய்ச்சல் இல்லையென்றால் நடிப்பு என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. நோயாளியை அனுப்ப எஸ்டேட் ஜீப் கேட்டால்கூட அதே கணக்குதான். பிரசவம், விபத்து, இல்லையென்றால் நூற்றிரண்டு டிகிரி. அதற்குக் கீழே ஜீப் கிடையாது.

எனக்கு மூக்கின் மேல் கோபம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சிலோனிலிருந்து கப்பலில் வந்திறங்கிய ஐந்து வயதில், மண்டபம் முகாமில் வரிசையில் எங்களை முந்தப் பார்த்த ஒரு பெரியவரின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்ட நானே ஒரு முறை வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இந்தக் கதை நடந்ததற்கு முந்தின வருட மழைக்காலத்தில், தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்குகிற ஒரு அம்மா வந்தார். காய்ச்சல் இல்லை, இருமலும் அதிகமில்லை. மூச்சு மட்டும் வேகமாக இருந்தது. படி ஏறி வந்ததால் என்றார் கம்பவுண்டர். நான் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது, அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அவரைக் கீழே லைனிலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி வாசலை எட்டவில்லை. நிமோனியா என்றார்கள். அந்தப் பொட்டலத்தை மடித்த கை என்னுடையது, அதை நான் மறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு குன்னூரில் எஸ்டேட் நர்ஸ்களுக்கு ஒரு நாள் வகுப்பு என்று தாள் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், மதியம் பிரியாணி உண்டு என்பதற்காகத்தான் போனேன். பாடம் எடுத்தது ஒரு சின்ன வயது லேடி டாக்டர். நிமோனியா வந்தவரை வீட்டில் வைத்துப் பார்க்கலாமா, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டுமா என்று எக்ஸ்ரேயும் லேபும் இல்லாத இடத்தில் எப்படித் தெரிந்துகொள்வது என்று ஆரம்பித்தார். நாலே நாலு கேள்விதான். புத்தி தெளிவாக இருக்கிறதா, புதிதாகக் குழப்பமா? மூச்சு நிமிடத்துக்கு முப்பதோ அதற்கு மேலோ ஓடுகிறதா? பிரஷரின் மேல்க் கணக்கு தொண்ணூறுக்குக் கீழேயோ, கீழ்க் கணக்கு அறுபதுக்கோ அதற்கும் கீழேயோ விழுந்திருக்கிறதா? வயது அறுபத்தைந்தைத் தொட்டுவிட்டதா? ஒவ்வொரு 'ஆமாம்'க்கும் ஒரு மதிப்பெண். ஒன்று வந்தாலே டாக்டரைக் கேட்க வேண்டும், மூன்றோ நான்கோ வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. வயதானவர்களுக்குக் காய்ச்சல் வராமலே நிமோனியா வரலாம் என்று அவர் சொன்னபோது என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள் பிரியாணியில் மிளகாய் தூக்கலோ என்று கேட்டாள். பிரியாணி அப்போது வந்திருக்கவே இல்லை.

மூச்சை எண்ணுவதற்கும் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். எண்ணப்போகிறேன் என்று சொன்னால் மூச்சு நாடகமாடும். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் நெஞ்சில் வைத்து, முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். நான் திரும்பி வந்ததும் அந்த நாலு கேள்வியையும் ஒரு அட்டையில் எழுதி மருந்து அலமாரிக் கதவில் ஒட்டினேன். கம்பவுண்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். காய்ச்சலைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று சிரித்தார். அட்டையைக் கிழிக்கவில்லை, அந்த அளவுக்கு நல்லவர்தான்.

ஜூலை மாதம், நாலு நாளாக விடாத மழை. காலை பத்து மணி இருக்கும், பெரியவர் ஒருவரை அவர் மகள் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவரைத் தெரியாதவர் எஸ்டேட்டில் கிடையாது. எழுபத்தொரு வயது. சிலோனில் பாதி ஆயுளும் இங்கே பாதி ஆயுளும் கவ்வாத்து வெட்டிய ஆள். தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடுகிற அந்த வேலையில் அவர் கையை யாரும் மிஞ்சியதில்லை. வேலையிலிருந்து நின்ற பிறகு அவருடைய முழு நேர வேலை, சிலோனைப் பற்றிப் பேசுவதும் நீலகிரி டீயைத் திட்டுவதும்தான். நானும் சிலோனிலிருந்து வந்தவள் என்பதால் என்மேல் அவருக்குத் தனிப் பிரியம். அங்கே நர்ஸைக் கூப்பிடுகிற மாதிரி மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார். வாரம் ஒரு முறை முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்க வருவார். நான் டீ கொடுப்பேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இது தேத்தண்ணியா மிஸ்ஸி? கழனித் தண்ணி" என்பார். பிறகு கடைசிச் சொட்டுவரை குடிப்பார். நான் சேர்ந்ததிலிருந்து ஒரு வாரம்கூட இது தவறியதில்லை.

இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, உட்கார்ந்தபடியே தூங்குகிறார் என்றாள் மகள். காய்ச்சல் இல்லை. இருமல் கொஞ்சம். கம்பவுண்டர் வழக்கம்போல அவரைக் கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டுத் தெர்மாமீட்டரை வைத்தார். தொண்ணூற்றெட்டு. குளிருக்கு உடம்பு சுருண்டிருக்கிறது, கஞ்சி கொடுங்கள் என்று சொல்லி இருமல் மருந்துக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தார். சிலோன் கதை எதுவும் இல்லையா என்று அவரைக் கேட்டும் பார்த்தார். பெரியவர், பெரட்டுக்கு நேரமாச்சு, தொர வந்துருவாரு என்றார். காலையில் ஆட்களை எண்ணி வேலைக்குப் பிரிக்கிற இடத்துக்கு அங்கே பெரட்டு என்று பெயர். கம்பவுண்டர் சிரித்தார். மகளும் சிரித்துவிட்டு, எந்த நேரமும் இந்தப் பேச்சுத்தான் என்றாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்தார். டம்ளரைப் பார்த்தார். "நல்லா இருக்கு மிஸ்ஸி" என்றார்.

டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன்.

மகளைப் பார்த்தேன். அவள் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. அவளுக்கும் புரிந்துவிட்டது. நான் அவர் எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஐயா, நாம இப்ப எங்க இருக்கோம் என்று கேட்டேன்.

"ஏழாம் நம்பர் மலைக்குக் கீழ. நீங்க புதுசா வந்த மிஸ்ஸியா?"

எங்கள் எஸ்டேட்டில் தேயிலை மலைகளுக்கு மொத்தமே நாலு நம்பர்தான். இது யார் என்று மகளைக் காட்டிக் கேட்டேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, பக்கத்துக் காம்பராப் பிள்ளை என்றார், லைன் வீட்டுக்கு அங்கே அதுதான் பெயர். மகள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். எத்தனையோ தடவை சிலோனைப் பற்றிப் பேசியிருக்கிறார். அன்றைக்கு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, அங்கேயேதான் இருந்தார். எப்போதும் சொல்கிற கதைதானே என்று இரண்டு நாளாக லைனே கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி என்று நினைத்தபோது என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

எங்கள் மலையில் ஒருவருக்கு மூச்சு எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது லேசான காரியமில்லை. கம்பளி, அதற்குள் கோட்டு, அதற்குள் ஸ்வெட்டர், அதற்குள் இன்னொரு ஸ்வெட்டர். வெங்காயம் உரிப்பதுபோல ஒவ்வொன்றாகத் திறந்தேன். குளிர் ஏறிவிடும் என்று கம்பவுண்டர் தடுத்தார், நான் காதில் வாங்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். முப்பத்துநான்கு. படி ஏறி வந்தால் மாடுகூட அப்படித்தான் மூச்சு வாங்கும் என்றார் கம்பவுண்டர். போன வருடமும் அதே வார்த்தைதான். அவர் வந்து உட்கார்ந்து கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, நீங்கள்தான் உட்கார வைத்தீர்கள் என்றேன். நான் இன்னொரு முழு நிமிடம் எண்ணினேன். மறுபடியும் முப்பத்துநான்கு.

பிரஷர் கருவியை எடுத்தேன். எங்கள் டிஸ்பென்சரியில் அதை ஸ்வெட்டருக்கு மேலேயே சுற்றுவதுதான் பழக்கம், குளிரில் பாவம் என்று. நான் தோளிலிருந்து வெறும் கையாக வெளியே எடுத்துச் சுற்றினேன். எண்பத்தாறுக்கு ஐம்பது. அலமாரிக் கதவிலிருந்த அட்டையை நிமிர்ந்து பார்த்தேன். புத்தி ஒன்று, மூச்சு ஒன்று, பிரஷர் ஒன்று, வயது ஒன்று. பள்ளிக்கூடத்தில் எந்தப் பரீட்சையிலும் நான் முழு மார்க்கைப் பார்த்ததில்லை. முதல் தடவையாக நாலுக்கு நாலு வந்தது இந்த அட்டையில்தான்.

ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து அவர் முகத்தில் மாஸ்க்கை வைத்தேன். டாக்டருக்குப் போன் போட்டேன். மழையில் லைன் செத்துக் கிடந்தது. ஜீப் தொழிற்சாலை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தது, ஆனால் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் டிரைவர் சாவியைத் தொடமாட்டார். கையெழுத்துப் போட வேண்டியவர் தொண்ணூற்றெட்டு என்று எழுதியிருந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் வரைக்கும் பார்க்கலாம், போன் வந்துவிடும் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் மத்தியானம் வரைக்கும் இந்த மனிதர் தாங்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

சீட்டுப் புத்தகத்தை இழுத்து நானே எழுதினேன். காய்ச்சல் என்று அச்சடித்திருந்த இடத்தில் கோடு போட்டு அடித்துவிட்டு, புத்தி குழப்பம், மூச்சு 34, பிரஷர் 86/50, வயது 71 என்று எழுதினேன். கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.

"ஏனுங்க சிஸ்டர், நாளைக்கு மேனேஜர் கேட்டா யாருங்க பதில் சொல்றது?" என்றார் கம்பவுண்டர்.

"நான் சொல்றேனுங்க. என் கையெழுத்துதானே இருக்கு."

டிரைவரும் முதலில் இழுத்தார். யார் கையெழுத்து என்று கேட்டார். நான் அவரிடம் என்ன சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை. அவர் அதற்கப்புறம் ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை, அதனால் நல்லதாக எதுவும் சொல்லியிருக்க முடியாது. டிஸ்பென்சரிக்குப் பின்னால் தொழிற்சாலைச் சாலை வரும். அங்கே ஜீப்பை நிறுத்தி, பெரியவரைப் பின் சீட்டில் மகள் மேல் சாய்த்து, சிலிண்டரை என் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு கிளம்பினோம்.

கோத்தகிரியில் டாக்டரின் கிளினிக் வாசலில் ஹாரன் அடித்தோம். மழையில் நனைந்தபடி ஜீப்புக்கே வந்தார். சீட்டைக் கையில் வாங்கினார். அவர் கண் நாலு விவரத்தையும் வரிசையாகப் பார்த்ததை நான் பார்த்தேன். காய்ச்சல் எவ்வளவு என்று அவர் கேட்கவே இல்லை. உள்ளே ஓடிப்போய் மருந்து எடுத்துவந்து, எது ஒத்துக்கொள்ளாது என்று மகளிடம் விசாரித்துவிட்டு, கை நரம்பில் ஊசி குத்தி முதல் மருந்தை ஜீப்பிலேயே ஏற்றினார். சலைன் பாட்டிலை மாட்டி என் கையில் கொடுத்தார். எங்கும் நிற்காமல் ஊட்டி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி, என் சீட்டின் பின்பக்கத்திலேயே கடிதம் எழுதிக் கொடுத்தார். அங்கே போய்ச் சேரும்வரை பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடியே வந்தேன். வளைவுக்கு வளைவு அவர் நெஞ்சை எண்ணினேன். முப்பத்துநான்கு, முப்பத்தாறு, முப்பத்துநான்கு. கோபப்படக்கூட நேரமில்லாத ஒரே பயணம் அதுதான்.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்த டாக்டர் என் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, இதை எழுதியது யார் என்று கேட்டார். அடித்தல் திருத்தலுக்குத் திட்டப்போகிறார் என்று நினைத்து, நான்தான் என்றேன், கொஞ்சம் முறைத்துக்கொண்டே.

"எல்லாரும் இப்படி எழுதி அனுப்பினா எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்மா" என்றார்.

வராந்தாவின் ஓரத்துக்குப் போய், சுவரைப் பார்த்து நின்று, ஆசை தீர அழுதேன். சந்தோஷத்தில் அழுதது அது, அதை மறைக்க எனக்கு இஷ்டமில்லை. முந்தின வருடத்து அம்மாவுக்காகவும் கொஞ்சம் அழுதேன்.

நாலாம் நாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். கம்பவுண்டரும் நானும் மேஜைக்கு முன்னால் நின்றோம். வழக்கத்தை மீறி ஜீப்பை எடுத்தது யார், எந்த அதிகாரத்தில் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கம்பவுண்டர் முந்திக்கொண்டார்.

"சிஸ்டர் பண்ணினதுதான் சரிங்க. நான் தெர்மாமீட்டரப் பார்த்தேன், அவங்க ஆளப் பார்த்தாங்க. தப்பு எம்மேலதானுங்க."

முப்பது வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்த மனிதர், நேற்று வந்த ஒருத்தி பக்கத்தில் நின்று அதைச் சொன்னார். என்னால் அப்படிச் சொல்ல முடிந்திருக்குமா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். மேனேஜர் பேனாவை எடுத்தார். பிறகு, டாக்டர் இல்லாத நாளில் ஜீப் சீட்டில் சிஸ்டரும் கையெழுத்துப் போடலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வெளியே வந்ததும் கம்பவுண்டரிடம் நன்றி சொன்னேன். அவர் அதற்குப் பதிலாக, கடிகாரத்தில் நொடி முள் இல்லாவிட்டால் எப்படி எண்ணுவது என்று கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெயில் நாள். டிஸ்பென்சரிக் கதவில் நின்றுகொண்டிருந்தேன். கீழே படியில் பெரியவர் ஏறி வருவது தெரிந்தது. பத்துப் படிக்கு ஒரு முறை நின்றார். மகள் பின்னாலேயே வந்தாள். கை கொடுக்கப் போனவர்களைத் தட்டிவிட்டார். அறுபத்திரண்டையும் அவரேதான் ஏறினார். மேலே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும், மிஸ்ஸி, எண்ணுங்க என்று நெஞ்சைக் காட்டினார். ஆஸ்பத்திரியில் யாரோ எல்லாக் கதையையும் சொல்லியிருக்கிறார்கள்.

நான் பக்கத்தில் போவதற்குள் கம்பவுண்டர் வந்துவிட்டார். எண்ணுவது இருக்கட்டும், முதலில் ஓய்வெடுங்கள் என்று கால் மணி நேரம் உட்கார வைத்தார். பிறகு ஊட்டியில் எப்படிக் கவனித்தார்கள் என்று பேச்சுக் கொடுத்தபடியே கம்பளியை விலக்கிவிட்டு, நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்தார். கையில் புதுக் கடிகாரம், நொடி முள் வைத்தது. கண் மட்டும் நெஞ்சில் இருந்தது. பெரியவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு முழு நிமிடம் போனது. நோட்டில் தெர்மாமீட்டர் கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருந்தது, எப்போது போட்டார் என்று தெரியவில்லை. அதில் பதினெட்டு என்று எழுதினார்.

நான் டீ ஊற்றிக் கொடுத்தேன். மகளும் கம்பவுண்டரும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தோம். ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"இது தேத்தண்ணியா மிஸ்ஸி? கழனித் தண்ணி."

மகள் கைதட்டிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "சார், புத்தி தெளிவா இருக்குங்க, எழுதிக்கோங்க" என்றேன். கம்பவுண்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பதினெட்டுக்குப் பக்கத்தில் அதையும் எழுதினார்.